எண்பது படிகளும் ஒரு பொதி சுடுநீர்ப் பூவும்

போன வசந்தத்தில் எங்கள் மகள் யப்பானில் இருந்து இரண்டு படங்கள் அனுப்பினாள். நாங்கள் இருக்கும் டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில் பிறந்து, ஓல்போர்க்கில் படித்து, இப்போது வேலைக்காக இரண்டு வருடம் அங்கே இருக்கிறாள். ஏதோ ஒரு மலையூரில் உள்ள சுடுநீர் ஊற்றுக்குப் போயிருந்தாளாம். குளிக்கும் இடத்தில் படம் எடுக்கக் கூடாது என்பதால் வாசலில் தொங்கிய பலகையைத்தான் எடுக்க முடிந்ததாம். அந்தப் பலகையில் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணை இருந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் மலை உச்சியில் நின்று சிரிக்கும் படம் அனுப்புவார்கள். எங்கள் பிள்ளை தண்ணீரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை அனுப்பினாள். என் பிள்ளை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இரண்டாவது படம் ஒரு கற்படிக்கட்டு. மேலே இருந்து எடுத்தது. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, கீழே ஆவியில் மறைந்துபோனது. அதனுடன் ஒரு குரல் செய்தி.

“அம்மா, நவம்பர்ல வாங்கோ. விடுதியில இருந்து ஊற்றுக்கு எண்பது படி இறங்கோணும். எலிவேற்றர் ஒண்டும் இல்லை. கீழ ஆத்துக்குப் பக்கத்தில இருந்து குளிக்கலாம். நானும் நீங்களும் ஒண்டா இருக்கலாம். அப்பா ஆம்பிளையள் பக்கம், தனிய. அவருக்கு ஒரு புத்தகம் குடுத்து விடுவம்.”

என் மனைவி அதை நாலு தரம் போட்டுக் கேட்டாள். பிறகு போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

“எண்பது படி நான் இறங்கேலாது,” என்றாள். “நீங்கள் போய்க் குளிச்சிட்டு வந்து சொல்லுங்கோ.”

அவள் இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். தன்னை விட இரண்டு மடங்கு பெரிய மனிதர்களைக் கட்டிலில் இருந்து கதிரைக்கும், கதிரையில் இருந்து கட்டிலுக்கும் மாற்றியிருக்கிறாள். அந்தக் கணக்கை எல்லாம் அவளுடைய வலது முழங்கால் எழுதி வைத்திருந்தது. படி ஏறுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பாள். இறங்குவதுதான் வினை. நாங்கள் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். பழைய கட்டடம், லிஃப்ற் கிடையாது. காலையில் அவள் வேலைக்குப் போவதைக் கேட்டால், யாரோ ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் தனியே இறக்குகிறார்கள் என்று நினைப்பீர்கள். ஒரு கால், ஒரு நிறுத்தம், ஒரு பெருமூச்சு. அடுத்த கால்.

மகளைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போனில் தினமும் முகம் பார்க்கிறார்கள்தான். ஆனாலும், மகளோடு வெந்நீரில் தோள் வரைக்கும் அமிழ்ந்து இருப்பது என்ற எண்ணம் அவளுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டதை நான் கண்டேன். பிறகு வந்த நாட்களில் அந்தப் படிக்கட்டுப் படத்தை விரல்களால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். கைபிடிக் கம்பி இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. ஒரு பக்கம் மட்டும். அதுவும் இறங்கும்போது இடப்பக்கம்.

வைத்தியர், குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, சத்திரசிகிச்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்லி உடற்பயிற்சி மருத்துவரிடம் அனுப்பினார். நானும் கூடப் போனேன். அந்த இளம்பெண் முழங்காலை மடித்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மூன்று வரிகளில் தீர்ப்பு எழுதினாள்: வெந்நீர்க் குளம், கிழமைக்கு இரண்டு தரம், மூன்று மாதம். நகரத்து நீச்சல் மண்டபத்தில் பெரிய குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளம் உண்டு. உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். அதற்குள் நின்று நடக்க வேண்டும், மடிக்க வேண்டும், உதைக்க வேண்டும்.

“நவம்பரில் எண்பது படி இறங்கலாமா?” என்று என் மனைவி கேட்டாள்.

“ஒழுங்காக வந்தால், ஏன் முடியாது?” என்றாள் அவள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் என் மனைவி சொன்னாள்: “நான் போகமாட்டன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த நாட்டில் எந்தக் குளத்திலும் இறங்குவதற்கு முன், உடுப்பு முழுவதையும் கழற்றிவிட்டு, பொதுக் குளியலறையில், எல்லாருக்கும் முன்னால் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். சுகாதாரம். சுவரில் ஒரு மனித உருவம் வரைந்து, எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். நாங்கள் முப்பது வருடத்தில் இந்த நாட்டின் வரிக்கும் குளிருக்கும் அவித்த உருளைக்கிழங்குக்கும் பழகிவிட்டோம். அந்தக் குளியலறைக்கு மட்டும் பழகவில்லை. பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பிவிட்டு, தடித்த ஜக்கெற்றையும் கழற்றாமல் வெளியே சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோரை எந்த நீச்சல் மண்டபத்திலும் காணலாம். நானும் அப்படி எட்டு வருடம் வியர்த்தவன்.

“அவையளின்ர அம்மா அப்பாவை ஒவ்வொரு நாளும் நான்தான் குளிப்பாட்டுறன்,” என்றாள் அவள். “அது வேலை. எனக்குக் கூச்சமும் இல்லை, அவைக்கும் இல்லை. ஆனா எனக்கெண்டு வந்தா ஏலாது. கையும் காலும் நகராது.”

நான் அவளை முழு மனதோடு ஆதரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பண்பாடு என்ற சொல்லை மூன்று தரம் பாவித்தேன். உண்மையில் நான் பேசிக்கொண்டிருந்தது என் தொப்பையைப் பற்றி. அவள் போனால் என்னையும் கூட வரச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு மனிதன் மனைவியின் மருந்தைத் தட்டிக்கழித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. வேறு ஏதாவது செய்தாக வேண்டும். புத்தகம் படிக்கிற பழக்கம் உள்ளவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: படிப்பது. நான் மகளின் பலகைக்குத் திரும்பினேன்.

யப்பானியர்கள் சுடுநீர் ஊற்று என்றால் என்ன என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊற்றுவாயில் இருபத்தைந்து பாகை சூடு இருந்தால் போதும். அது இல்லாவிட்டால், பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு பொருள் போதிய அளவு கரைந்திருந்தாலும் போதும். ஒவ்வொரு குளியல் வீட்டிலும் அந்தத் தண்ணீரின் பகுப்பாய்வைத் தொங்கவிட வேண்டும். உப்பு மிகுந்த தண்ணீர் தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து சூட்டைப் போகவிடாமல் வைத்திருக்குமாம். இருகாபனேற்றுத் தண்ணீர் தோலைச் சவர்க்காரம் போட்டதுபோல வழுவழுப்பாக்குமாம். சோடாவில் பொங்கும் காபனீரொட்சைட்டு வாயு கரைந்த தண்ணீர் இரத்தக் குழாய்களை விரிக்குமாம். சிலிக்கா மிகுந்தது தோலுக்கு அழகு. இரும்பு கலந்தது வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருப்பிடித்துச் சிவக்கும். கந்தகம் கலந்தது தோல் நோய்க்கும் மூட்டு வலிக்கும் பேர்போனது; அழுகிய முட்டை மணத்துக்கும் பேர்போனது.

பலகையின் அடியில், இந்தத் தண்ணீர் எவற்றுக்கு நல்லது என்ற பட்டியல் இருந்தது. மகள் மொழிபெயர்த்து அனுப்பினாள். நரம்பு வலி, மூட்டு வலி, தோள் இறுக்கம், கைகால் குளிர்ச்சி, மூலம், சோர்வு. எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகசபையை இருக்கை வரிசைப்படி யாரோ எழுதி வைத்ததுபோல இருந்தது.

ஊரில் உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனவியல் இரண்டு தரம் எடுத்தவன் நான். இரண்டு தரமும் அது என்னை எடுக்கவில்லை. அந்தப் பழைய காதல் இப்போது திரும்பி வந்தது. எங்கள் நகரத்துக் குழாய்த் தண்ணீரின் பகுப்பாய்வையும் இணையத்தில் தேடி எடுத்து, யப்பான் பலகைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒப்பிட்டேன். கல்சியம், மகனீசியம், சோடியம், குளோரைட்டு, சல்பேற்று, இருகாபனேற்று. அளவுதான் வேறு, பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கெற்றிலின் அடியில் படிந்த வெள்ளைக் கறையைக் கழுவ என் மனைவி வினாகிரி ஊற்றிக்கொண்டிருந்தபோது இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தேன்.

“நீர் கழுவி ஊத்துறது என்ன எண்டு தெரியுமோ? கல்சியம் காபனேற்று. அங்கை ஊற்று வாயில படியிறதைச் சுரண்டி எடுத்துக் காய வைச்சு விக்கிறாங்கள். அதுக்குச் சுடுநீர்ப் பூ எண்டு பேர்.”

அவள் கெற்றிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அப்ப நான் இதுக்குள்ள இருக்கோணுமோ?”

“எல்லா ஊற்றிலயும் ஒரே பூ இல்லை. அவளின்ர ஊற்றில கந்தகம்.”

“உங்களுக்கு விசர். முழங்கால் நோகுது எண்டா, மனுசன் கெற்றிலைப் பற்றிக் கதைக்குது.”

விசர்தான். ஆனால் இதற்குள் நான் மகளுக்கு எழுதிவிட்டிருந்தேன். மூன்று கிழமையில் ஒரு பொதி வந்தது. அழகான கடதாசிக்குள் மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒரு தூள். முகப்பில் ஆவி பறக்கும் மலை. நான் போனை மேலே பிடித்து முகப்பை மொழிபெயர்த்தேன். பெயர், ஊற்று, சேர்மானங்கள், நன்மைகள். பின்பக்கம் சின்ன எழுத்தில் நெருக்கமாக எட்டு வரிகள் இருந்தன. அவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். முன்னுரையை ஊன்றிப் படித்துவிட்டுப் பின்னிணைப்பை விட்டுவிடுவது என் நெடுநாள் வழக்கம்.

எங்கள் குளியலறையில் தொட்டி இல்லை. இந்த நாட்டு மாடிவீடுகளில் ஒருவர் நின்று திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும் அளவுக்குத்தான் குளியலறை. ஆகவே கட்டடப் பொருள் கடைக்குப் போய், மேசன்மார் சீமெந்து குழைக்கிற கறுத்த பிளாஸ்ரிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். கதிரையைக் குளியலறை வாசலில் போட்டு, தொட்டியை முன்னால் வைத்து, முழங்கால் வரைக்கும் வெந்நீர் நிரப்பி, தூளைக் கொட்டினேன். தண்ணீர் பால்போல வெளுத்தது. மணம் வந்தது.

“முட்டை அவிய வைச்சிட்டு மறந்துபோனீங்களோ?” என்றாள்.

“அதுதான் மருந்து. இரும்.”

இருந்தாள். சீலையைத் தொடை வரைக்கும் ஒதுக்கி, கால்களை உள்ளே விட்டு, கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் அவளுடைய தோள்கள் கீழே இறங்கியதை நான் என் கண்ணால் கண்டேன். “சுகமாத்தான் இருக்கு,” என்றாள். என் இரசாயனவியல் வாழ்க்கையில் நான் பெற்ற முதல் பரீட்சைச் சித்தி அது.

இருபது நிமிடம் கழித்துக் காலைத் தூக்கினாள். இரண்டு கால்களிலும் இரண்டாம் விரல்களில் இருந்த மெட்டிகள் கறுத்துப்போயிருந்தன. சும்மா மங்கியிருக்கவில்லை. அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தன.

எங்கள் கலியாணத்தன்று, அம்மியில் அவளுடைய காலை வைத்து நான் போட்டுவிட்ட மெட்டிகள். வெள்ளி. இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் கழற்றியதில்லை. வலது கால் இப்போது வீங்கியிருப்பதால் அதைக் கழற்றவும் முடியாது. பின்பக்கத்து எட்டு வரிகளை அப்போதுதான் மொழிபெயர்த்தேன். முதல் வரியே: வெள்ளி நகைகளுடன் இறங்க வேண்டாம்.

உலகத்தில் கோடிக்கணக்கான பேர் கந்தகத் தண்ணீரில் காலை நனைக்கிறார்கள். வெள்ளியைக் கழுத்திலும் கையிலும் போடுகிறவர்கள் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். காலில் போட்டு, அதைக் கழற்றவே கூடாது என்று சட்டமும் போட்டுவிட்டு, நேரே தண்ணீருக்குள் விடுகிறவர்கள் நாங்கள்தான்.

அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. காலைத் துடைத்தாள். சுட்டுவிரலால் மெட்டியை ஒருதரம் தேய்த்துப் பார்த்தாள்.

“எனக்கு உந்தச் சகுனம் கிகுனம் ஒண்டிலயும் நம்பிக்கை இல்லை,” என்று சொன்னாள். சொன்ன விதத்தில், இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு, “பரவாயில்லை. நவம்பருக்கு நீங்களே போயிட்டு வாங்கோ,” என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெட்டி கறுத்ததை விட, அவள் கைவிட்டுவிட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது.

நான் மகளை அழைத்தேன். அங்கே மாலை. விசயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள். தாயின் முகத்தைத் திரையில் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“அம்மா, அது பழுதாகேல்லை. வெள்ளியில கந்தகம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். அலுமினியத் தாள் விரிச்சு, சுடுதண்ணி, அப்பச்சோடா, கொஞ்சம் உப்பு போட்டு, மெட்டி தாளில முட்டுற மாதிரிப் பிடியுங்கோ. கந்தகம் அலுமினியத்துக்குப் போயிடும். வெள்ளி திரும்பி வந்திடும்.”

“அப்ப முழங்கால்?” என்று நான் கேட்டேன். “கந்தகத்தில எவ்வளவு, சிலிக்காவில எவ்வளவு எண்டு ஒரு கணக்கு...”

“நை, அப்பா,” என்றாள். பொறுமை இழந்தால் அவளுக்கு டேனிஷ் வந்துவிடும். “தோலுக்கு ஏதோ செய்யுதுதான். உப்புச் சூட்டை வைச்சிருக்குதுதான். மற்றதெல்லாம் இஞ்சை ஆளுக்கு ஒரு கதை சொல்லுவினம். ஆனா முழங்காலுக்கு என்னெண்டா, சூடு தளர்த்துது, தண்ணி பாரத்தைத் தூக்குது. அதுக்கு உள்ள இறங்கோணும். கழுத்து மட்டும். அது ஹேர்னிங்கிலயே இருக்கு. அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.”

எனக்கும் தெரியும்.

அன்று மாலை நான் அந்தச் சீமெந்துத் தொட்டிக்குள் சமையலறை அலுமினியத் தாளை விரித்து, வெந்நீர் ஊற்றி, அப்பச்சோடாவையும் உப்பையும் போட்டு, நிலத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்து, அவளுடைய கால்விரலைத் தாளோடு சேர்த்துப் பிடித்தேன். கலியாணத்தன்று இதே காலைப் பிடித்தபோது சுற்றிவர இருநூறு பேர் நின்றார்கள். இப்போது பார்க்க ஒருவரும் இல்லை. முதுகுதான் பிடித்துக்கொண்டது. மறுபடியும் முட்டை மணம் வந்தது. மெட்டியின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் தோன்றி, மெல்ல மெல்லச் சுற்றி வந்தது.

“வருது,” என்றேன்.

“ஓம், வருது.” சற்றுப் பொறுத்து, “எழும்பேலுமோ உங்களுக்கு?” என்றாள்.

“யோசிக்கிறன்.”

அவள் என் தோளில் கையை வைத்தாள். நான் எழும்பினேனா, அவள் எழுப்பினாளா என்று சொல்ல முடியாது. வேலையிடத்தில் பழகிய கை.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “உங்கட முதுகும் சரியில்லை. நீங்கள் வந்தா நான் குளத்துக்கு வாறன். நீங்கள் வராட்டி நான் வரமாட்டன்.”

பண்பாடு என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. காலில் மெட்டி பளிச்சென்று இருந்தது. விழுங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. நீச்சல் மண்டபத்தின் ஆண்கள் பக்கம். உடுப்பெல்லாம் கழற்றி அலுமாரியில் வைத்தேன். ஒன்றைத் தவிர. மூக்குக்கண்ணாடியையும் கழற்றினேன், அதில் ஒரு கருணை இருந்தது. எனக்கு நாலு அடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். அங்கே நிற்பவர்கள் ஆவிக்குள் நிற்கும் வெளிறிய தூண்கள்போலத் தெரிந்தார்கள். நான் அவர்களைக் காணவில்லை என்றால் அவர்களும் என்னைக் காணவில்லை என்ற பூனையின் தத்துவத்தைக் கடைப்பிடித்து, உள்ளாடையோடு ஒரு மூலையில், சுவரைப் பார்த்தபடி தண்ணீரைத் திறந்தேன். கண்ணுக்கு நேரே, சிவப்பு வட்டங்கள் போட்ட அந்த மனித உருவம்.

பக்கத்துத் தூண் மெல்லிய குரலில் தேவாரம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

நான் உறைந்துபோனேன். தேவாரம் நின்றது.

“தம்பி,” என்றது தூண். “உந்த உள்ளுடுப்பைக் கழட்டும். இல்லாட்டி காவல்காரன் வந்து எல்லாருக்கும் முன்னால ஏசுவான். எனக்கு முதல் நாள் ஏசினவன்.”

குரலில் ஆள் தெரிந்தது: எங்கள் சங்கத் தலைவர். எழுபது வயது. ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் வேட்டி சால்வையோடு மேடையில் நின்று, இந்த நாட்டுப் பழக்கவழக்கங்கள் எங்கள் வீட்டுக்குள் வராமல் காப்பது பற்றி முக்கால் மணித்தியாலம் பேசுகிறவர்.

“அண்ணை... நீங்கள்... விடியப் பார்க்கைச் சுத்தி நடக்கப் போறனீங்கள் எண்டெல்லோ சொன்னவை?”

“ஓம். நடக்கிறன். தண்ணிக்குள்ள.” சவர்க்காரத்தை என் பக்கம் நீட்டினார். “ஆறு வருசமா வாறன். இடுப்பு. இல்லாட்டி மேடையில அவ்வளவு நேரம் நிண்டு கதைக்கேலுமோ?”

“ஏலாதுதான் அண்ணை.”

“உமக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாதெல்லோ?”

“ஒண்டுமே தெரியாது அண்ணை.”

“நல்லது. எனக்கும் தெரியாது.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி விட்ட இடத்தில் இருந்து தேவாரத்தைத் தொடர்ந்தார். நான் உள்ளாடையைக் கழற்றினேன். உலகம் இடிந்து விழவில்லை. பக்கத்தில் இரண்டு டேனிஷ் கிழவர்கள் பேருந்து நேர அட்டவணை மாறியது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என் தொப்பை அவர்களின் பேச்சை ஒரு சொல்லால்கூடத் தடுக்கவில்லை. முப்பது வருடமாக நான் ஒளித்து வைத்திருந்ததை யாருமே பார்க்க விரும்பவில்லை என்பது தெரிந்தபோது, ஆறுதலோடு கொஞ்சம் மனவருத்தமும் வந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனால், வெந்நீர்க் குளத்தில் என் மனைவி ஏற்கெனவே கழுத்து வரைக்கும் நின்றாள். முழங்கால் வரை மறைக்கும் கறுத்த நீச்சல் உடுப்பு. முகத்தில் கதை கேட்கும் ஆவல்.

“எப்பிடி?” என்றாள்.

“அதைப் பற்றிக் கதைக்காதையும். உமக்கு எப்பிடி? சமாளிச்சீரோ?”

“எங்கட பக்கம் திரை போட்ட தனி அறை மூண்டு இருக்கு. ஏன், உங்கட பக்கம் இல்லையோ?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

“உது எப்ப தெரியும் உமக்கு?”

“போன கிழமை போன் பண்ணிக் கேட்டனான்.”

“தெரிஞ்சும் என்னை வரச் சொன்னீர்.”

“முதுகு உங்கடதெல்லோ,” என்றாள். “நான் சொன்னா வருவீங்களோ? எனக்காக எண்டா வருவீங்கள்.”

நான் கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கினேன். குளத்தின் மறுகரையில் தலைவர், எங்களைக் காணாதவராக, மிகுந்த கௌரவத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் போனோம். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்றும் பார்த்தேன், பழக்கம் விடுமா. குழாய்த் தண்ணீர், கொஞ்சம் குளோரின். யப்பான் சட்டப்படி இதைச் சூடாக்கிய குழாய்த் தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குள் என் மனைவி நடந்தாள், மடித்தாள், உதைத்தாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ஒரு காலை, படிகளில் குளிர்சாதனப் பெட்டி இறங்கும் சத்தம் கேட்கவில்லை. அவள் இன்னும் போகவில்லை என்று நினைத்து எழும்பிப் போய்ப் பார்த்தேன். சப்பாத்துகள் இல்லை. யன்னலால் பார்த்தால், கீழே கார் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது.

சந்தோசத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் முழங்காலுக்குக் கேட்டுவிடும் என்ற பயம் இரண்டு பேருக்கும்.

ஒக்ரோபரில், விமானச்சீட்டு எடுப்பதற்கு முதல், அவள் சொன்னாள்: “எண்பது படியையும் ஒருக்கா இறங்கிப் பாக்கோணும். அங்கை போய் நடுவில நிண்டு பிள்ளையை அழ வைக்கேலாது.”

எண்பது படிக்கு எங்கே போவது? இந்தப் பக்கம் எல்லாம் தட்டை நிலம். மலை என்று பெயர் வைத்த இடத்துக்குப் போனால், அங்கே ஒரு பசு நின்று உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். கடைசியில் எங்கள் கட்டடத்தையே எண்ணினேன். நாலாம் மாடியில் இருந்து நிலத்தளத்துக்கு, மாடிக்குப் பதினெட்டாக, எழுபத்திரண்டு.

“எட்டுக் குறையுது,” என்றேன்.

“எண்டால்?”

“எழுபத்திரண்டு காணாதோ? போதுமெல்லோ?”

“காணாது. அங்கை எண்பது.”

சனிக்கிழமை பின்னேரம் நாலாம் மாடிக்கு ஏறினோம். அவள் முன்னால் இறங்கினாள். கம்பியை இடக்கையால் பிடித்தாள், அங்கே எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கம். நான் பின்னால் எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கள் கதவைத் தாண்டும்போது முப்பத்தாறு. அவள் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஐம்பதில் மூச்சு மாறியது. அறுபதில் ஒரு கணம் நின்றாள்; நான் எண்ணுவதை நிறுத்தினேன்; “எண்ணுங்கோ,” என்று சொல்லி மறுபடி இறங்கினாள். எழுபத்திரண்டில் நிலத்தளம். வெளிக்கதவு. தபால்பெட்டிகள்.

அவள் நிற்கவில்லை. இடப்பக்கம் திரும்பி, நிலக்கீழ் சலவை அறைக்குப் போகும் கதவைத் திறந்தாள். அதற்குப் பின்னால் சீமெந்துப் படிகள் இருந்தன. இருபது வருடமாக உடுப்புக் கூடையோடு ஏறி இறங்கிய நான் ஒருநாளும் அவற்றை எண்ணியதில்லை.

அவள் எண்ணியிருக்கிறாள். எட்டு.

கீழே உலர்த்தும் இயந்திரம் யாருடைய போர்வையையோ சுழற்றிக்கொண்டிருந்தது. அறை முழுக்க வெதுவெதுப்பு, சவர்க்கார மணம், சின்ன யன்னலில் ஆவி படிந்திருந்தது. அவள் சுவரோரத்து நீட்டு வாங்கில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு கால்களையும் முன்னால் நீட்டினாள். வலது முழங்காலை ஒருதரம் தடவினாள். மெட்டிகள் இரண்டும் வெள்ளையாக இருந்தன.

“நல்ல இடம்தான்,” என்றாள், சுற்றிப் பார்த்துவிட்டு. “தண்ணி எங்கை?”

நான் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தேன். யப்பானில் அப்போது நடுச்சாமம் கடந்திருக்கும். எடுக்க மாட்டாள் என்று தெரியும். படம் ஒன்று எடுத்து அனுப்பினேன்: சலவை அறையில் தாயின் இரண்டு கால்கள். கீழே எழுதினேன்: எண்பது. வாறம்.

“மெட்டியை அங்கை என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

“அலுமினியத் தாள் ஒரு சுருள் எடுத்து வையுங்கோ,” என்றாள். “கறுத்தா உங்களுக்கு வேலை இருக்கு.”